விவாத இழை: தொண்டு மொடரேட்டர்மாருக்கு முறை அட்டவணை வேணுமா?

வாசகர் கேள்வி, மருதானை
2025 மார்ச் 7

அக்கா, வாடகை வீடு, அனெக்ஸ், போர்டிங் ரூம் தேடுற எங்கட ஆட்களுக்காக ஒரு பேஸ்புக் குழு நடத்துறன். நாற்பதாயிரம் பேரைத் தாண்டிட்டுது. மொடரேட்டர் ஆறு பேர், ஒருத்தருக்கும் சம்பளம் இல்லை. உங்கட குழுவில முறை போட்டு, அட்டவணை வைச்சுச் செய்யிறீங்கள் என்று கேள்விப்பட்டன். என்ர கருத்து நேர்மாறு. விரும்பி வந்தவனுக்கு அட்டவணை போட்டால் அவன் ஓடிடுவான். நேரம் கிடைக்கிற ஆள் பார்க்கட்டும். இவ்வளவு காலமும் எங்களுக்கு அது சரியாத்தான் நடந்திருக்கு. ஒருங்கிணைக்க என்று தனியா ஒரு ஆள் எதுக்கு?

மார்ச் 7, இரவு 10.20

தம்பி, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பதில் நீளும், துண்டு துண்டாகத்தான் எழுதுவேன்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கட குழுவின் செயற்பாட்டுப் பதிவைத் திறந்து, போன 30 நாளில் யார் எத்தனை போஸ்ட்டை அனுமதித்தார், எத்தனையை அழித்தார் என்று பெயர் பெயராக எண்ணுங்கள். இரவு 11க்கும் காலை 6க்கும் இடையில் நடந்ததைத் தனியாக எண்ணுங்கள். "நேரம் கிடைக்கிற ஆள்" என்று நீங்கள் சொல்வது ஆறு பேரையா, ஒரே ஒரு ஆளையா என்று அப்போது தெரியும்.

மார்ச் 8, காலை 6.50

எங்கட குழுவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழும்பில் தமிழ் பேசுகிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்கிற இடம் அது. இரத்தம் வேணும், அடையாள அட்டை பஸ்ஸில் தொலைந்துபோச்சு, இந்த மருந்து எந்தப் பார்மசியில் இருக்கு, மகரகம ஆஸ்பத்திரிக்கு மட்டக்களப்பிலிருந்து நோயாளியைக் கூட்டி வந்திருக்கிறம் இரண்டு நாள் தங்க இடம் கிடைக்குமா. இப்படியான போஸ்ட்டுகள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, வத்தளை ஆட்கள் இருக்கிறார்கள். வேலைக்கு வந்த மலையகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொழும்பு முஸ்லிம்கள் நிறையப் பேர். மொடரேட்டர் பதினொரு பேர், அட்மின் மூன்று பேர். 2017இலிருந்து நான் ஒருங்கிணைக்கிறேன், அலுவலகம் முடிந்து வந்த பிறகு.

முறை அட்டவணை 2022இல்தான் வந்தது. மின்வெட்டு நாட்கள். ஏ, பி, சி என்று ஊரையே எழுத்து எழுத்தாகப் பிரித்து நேரம் போட்டார்களே, ஞாபகம் இருக்கும். மார்ச் 31 பதின்மூன்று மணித்தியாலம் இருட்டு. கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும், போனில் ஒரு கோடுகூட நிற்காது. வெள்ளவத்தையில் எங்கட ஒழுங்கைக்கு ஒரு எழுத்து, தெஹிவளைத் தம்பிக்கு வேறு எழுத்து, வத்தளை அக்காவுக்கு இன்னொன்று. அந்த எழுத்துகளை வைத்துத்தான் முதல் அட்டவணையை ஒரு கொப்பித் தாளில் போட்டேன். இருட்டில் இருக்கிறவருக்கு முறை இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறவர் பார்க்க வேணும். அவ்வளவுதான் அதன் தத்துவம்.

அந்த நேரம் குழு முழுக்கப் பெற்றோல் செட் கதை. எந்தச் செட்டில் அடிக்கிறான், எங்கே பவுசர் வந்தது. எங்களிடம் எந்தப் போஸ்ட்டும் மொடரேட்டர் அனுமதித்தால்தான் வெளியில் வரும். ஒரு நாள் காலை ஆறரைக்குப் போட்ட போஸ்ட்டை ஒருவர் பத்தரைக்கு அனுமதித்தார். அதை நம்பித் தெஹிவளையிலிருந்து ஒரு ஐயா காலியான மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். செட்டில் ஒரு சொட்டு இல்லை. எழுதியவர் பொய் சொல்லவில்லை, எழுதிய நேரம் அங்கே பெற்றோல் இருந்தது. பொய்யாக்கியது எங்கட நாலு மணித்தியாலம்.

அன்றே எரிபொருள் போஸ்ட்டுக்கு முன் அனுமதியை நிறுத்தினோம். பார்த்த நேரத்தை முதல் வரியில் எழுத வேணும், எழுதாவிட்டால் அழிப்போம், இரண்டு மணித்தியாலம் போனதும் கொமென்ட்டைப் பூட்டுவோம் என்று வைத்தோம். ஓகஸ்ட்டில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை நடைமுறைக்கு வரும் வரைக்கும் அப்படித்தான் ஓடியது. ஆள் இல்லாமல் போஸ்ட்டை நிறுத்தி வைப்பதும் ஒரு தீர்ப்புத்தான் என்று அந்த ஐயாவிடம் படித்தேன்.

மார்ச் 8, மத்தியானம்

நேரம் மாறுகிற விசயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கட இரவு முறையில் லண்டனில் ஒருவர், டொரொண்டோவில் ஒருவர். இங்கே இரவு 1 மணி, லண்டனில் முன்னிரவு 7.30, டொரொண்டோவில் பிற்பகல் 2.30. அவர்கள் விழித்திருக்கிற நேரம்தான்.

மார்ச் 10, காலை

பிழை எழுதிவிட்டேன். கனடாவில் நேற்று, 9ஆம் திகதி, மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். டொரொண்டோவில் இப்போது 3.30. லண்டனில் 30ஆம் திகதிதான் மாற்றுவார்கள். இந்த மூன்று கிழமையும் இருவருக்கும் இடையில் வழக்கமான இடைவெளி இல்லை, ஒரு மணித்தியாலம் குறைவு. வருசத்தில் இரண்டு தரம் இது வரும், இரண்டு தரமும் அட்டவணையில் ஓட்டை விழும். நேற்றிரவும் விழுந்தது. டொரொண்டோக்காரர் தன்னுடைய மணிக்கூட்டைப் பார்த்து வந்திருக்கிறார், எனக்கு அவர் ஒரு மணித்தியாலம் முந்தி வந்து ஒரு மணித்தியாலம் முந்திப் போய்விட்டார். ஒன்றும் நடக்கவில்லை, நல்ல காலம். இனி எல்லா நேரமும் கொழும்பு நேரத்திலேயே எழுதுவோம், அவரவர் மாற்றிப் பார்க்கட்டும்.

மார்ச் 10, இரவு

தெஹிவளை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உங்கள் உழைப்பில் ஒரு அமெரிக்கக் கம்பெனி விளம்பரம் விற்கிறது. அதற்கு அட்டவணை வேறா?"

நியாயமான கேள்வி, நான் பல நாள் யோசித்தது. இது பழைய வழக்கும்கூட. ஏஓஎல் கம்பெனியின் அரட்டை அறைகளைக் கவனித்த தொண்டர்கள் 1999இல் சம்பளம் கேட்டு அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். முறை நேரம், அறிக்கை, பயிற்சி எல்லாம் வைத்து எங்களை வேலையாட்களாகவே நடத்தினீர்கள் என்பது அவர்கள் வாதம். 2010இல் 15 மில்லியன் டொலருக்குச் சமரசம். 2023 ஜூன் 12 ரெடிட்டில் ஆயிரக்கணக்கான குழுக்களைத் தொண்டு மொடரேட்டர்களே பூட்டி வைத்ததும் அதே கோபத்தின் இன்னொரு முகம். வெளிச் செயலிகளுக்குக் கம்பெனி கட்டணம் வைத்ததில் அவர்கள் பாவித்த கருவிகள் கையை விட்டுப் போகப் பார்த்தன.

அப்படியென்றால் நான் போடுகிற அட்டவணையும் கம்பெனிக்கான அட்டவணையா? நான் அப்படி நினைக்கவில்லை. ஏஓஎல் தொண்டருக்கு நேரம் வைத்தது கம்பெனி. எங்களுக்கு வைத்தது நாங்கள், ஒருவரை ஒருவர் காப்பாற்ற. இரவு 2 மணிக்கு ஓ நெகட்டிவ் கேட்கிற தகப்பனுக்குப் பதில் சொல்ல எந்தக் கம்பெனியும் வரப்போவதில்லை. ஆனாலும் உங்கள் கேள்வி எனக்குள் கிடக்கட்டும், அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

மார்ச் 11

சிறியது ஒன்று, ஆனால் குழு நடத்துகிற எல்லோருக்கும். அட்மினுக்கும் மொடரேட்டருக்கும் உள்ள வித்தியாசம் பட்டம் அல்ல. பேஸ்புக் குழுவில் ஒரு அட்மின் இன்னொரு அட்மினை நீக்கலாம், மொடரேட்டருக்கு அது முடியாது. மரியாதைக்காக எல்லோரையும் அட்மின் ஆக்கி வைத்திருந்தோம். ஒருவர் போலி லிங்க் ஒன்றை அமத்தினார், அவர் கணக்குக்குள் புகுந்தவன் வரிசையாக ஒவ்வொருவராக வெளியே தள்ளத் தொடங்கினான். ஒரு தம்பி முழித்திருந்து அந்தக் கணக்கை நீக்கியதால் குழு தப்பியது. அதன் பிறகு மூன்றே அட்மின், மூவருக்கும் இரட்டைப் பூட்டு. பதவி குறைந்தது என்று இரண்டு பேர் மனம் நொந்தார்கள். வீட்டுக்குப் போய் இருந்து கதைத்துத்தான் சரிசெய்தேன், வட்ஸ்அப்பில் அது சரிவராது.

மார்ச் 13, இரவு 11.30

மார்ச் 8 எழுதியது உண்மை. ஆனால் அது முழுவதும் இல்லை. முறை அட்டவணைக்கான காரணம் 2022இல் வரவில்லை, மூன்று வருசம் முன்னமே வந்துவிட்டது. அதை எழுதுவதா விடுவதா என்று ஐந்து நாளாக மனதில் கிடந்தது. எழுதுகிறேன்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் காலை 8.45 அளவில் குண்டு. அப்போது எங்களிடம் முறை கிடையாது. நேரம் கிடைக்கிறவர் பார்க்கட்டும் என்பதுதான் எங்கட கொள்கையும். லண்டனில் அப்போது விடிய 4.15, டொரொண்டோவில் சனி இரவு 11.15 தாண்டியிருந்தது. அன்றே அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. அதற்கு முந்திய வருசம் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்த நேரத்திலும், 2018 மார்ச் 7இலிருந்து, முடக்கியிருந்தார்கள். அதிலிருந்தே நாங்கள் ஆயத்தமாக இருந்திருக்க வேணும். முடக்கத்தைத் தாண்டி உள்ளே வர உதவுகிற வீபிஎன் என்றால் என்னவென்று எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. நானும் அந்தப் பாதிதான். உறுப்பினர்கள் வீபிஎன் போட்டு வந்தார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தார்கள், போஸ்ட் நிற்கவில்லை. உள்ளே வரக்கூடிய மொடரேட்டர் ஒரே ஒரு பிள்ளை. கொட்டாஞ்சேனைத் தங்கச்சி, கம்பஸ் முதலாம் வருசம், வயது இருபது. அந்தக் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு.

உடல்களின் படங்கள் வந்தன. அவளே அழித்தாள். காணாமல்போனவர்களைத் தேடுகிற படங்களும் வந்தன. அவை நிற்க வேணும். இரண்டும் ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக.

பிறகு நான் ஒரு மாதிரி உள்ளே வந்தபோது வரிசை காலி. ஒரு கெட்ட படம் மிஞ்சவில்லை. "பிள்ளை கெட்டிக்காரி, சமாளிச்சிட்டாள்" என்று நினைத்தேன். அவளுக்கு ஒரு இதய அடையாளம் அனுப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஏப்ரல் 30 முடக்கத்தை எடுத்தார்கள். மே மாதம் அவள் ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டுப் போய்விட்டாள். படிப்புக் கூடிவிட்டது என்று நானே ஒரு காரணத்தை எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மருதானைத் தம்பி, உங்களுக்கு எல்லாம் சரியாக நடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வரிசை காலியாக இருக்கிறது என்பதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்களா?

மார்ச் 14, காலை

நேற்றிரவு எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேணும். அந்தக் கிழமைகளில் இன்னொருவருக்கும் நாங்கள் பிழை செய்தோம். இது அட்டவணை இல்லாததால் வந்த பிழை அல்ல, நான் போட்ட விதியால் வந்தது.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் மலட்டு மாத்திரை என்று கிளம்பிய வதந்தி எல்லோருக்கும் தெரியும். அரச பகுப்பாய்வாளர் பார்த்து அது மாவுக் கட்டி என்று சொன்னார். அது வெளியாக முன்னமே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த வாரம் திகன. அதைப் பார்த்து நான் ஒரு விதி போட்டேன்: ஒரு சமூகத்தைப் பற்றிய போஸ்ட் என்றால் அந்தச் சமூகத்து மொடரேட்டரைக் கேட்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது. நல்ல விதி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

ஈஸ்டருக்குப் பிறகு முஸ்லிம்களைத் திட்டி வந்த அத்தனையும் எங்கட முஸ்லிம் மொடரேட்டர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற அண்ணனின் இன்பொக்சுக்குப் போனது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் அனுப்பி "நானா, இதை எடுக்கவா?" என்று கேட்டார்கள். மே நடுவில், வடமேல் பக்கம் கடைகள் எரிந்த கிழமையில், அவர் எனக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, எங்கள ஏசுறதெல்லாம் நான்தான் உக்காந்து வாசிக்கணுமா?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவே விதியைத் திருத்தினோம். பச்சையான வெறுப்பை முறையில் இருக்கிறவர் யாரென்றாலும் உடனே எடுக்க வேணும், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஒரு சொல் வசையா வழக்கா, ஒரு வீடியோ அந்த ஊரா வேறு ஊரா என்று உண்மையில் விளங்காதபோது மட்டும் கேட்கலாம். அதையும் நாளைக்கு ஒருதரம் சேர்த்து வைத்துக் கேட்க வேணும். நானா இன்னும் எங்களோடு இருக்கிறார். அது எங்கட பாக்கியம்.

மார்ச் 15

வெளிநாட்டு மொடரேட்டர் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இரவைக் காக்க அவர்கள் இல்லாமல் முடியாது. ஆனால் பயம் ஒரே மாதிரி இல்லை. டொரொண்டோவில் இருக்கிறவர் ஒரு அரசியல் போஸ்ட்டைப் பார்த்து "இதில் என்ன இருக்கு" என்பார். கொழும்பில் இருக்கிறவருக்கு, இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் ஐசிசிபிஆர் சட்டத்தில் உள்ளே போனவர்கள் ஞாபகம் வரும். 2020 ஏப்ரலில் ஒரு பேஸ்புக் பதிவுக்காகப் பிடிபட்டவர் செப்டம்பரில்தான் பிணையில் வந்தார். 2024 ஜனவரி 24 இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறிய கிழமை, எங்கட ஆட்கள் இருவர் தங்கட பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். நான் தடுக்கவில்லை. பிள்ளை குட்டி உள்ளவர்கள்.

அதனால் இப்போது, அரசியல் என்று தெரிந்தால் இரவு முறைக்காரர் அனுமதிக்கவும் மாட்டார், அழிக்கவும் மாட்டார். காலை வரைக்கும் நிற்கும். அந்த ஐயாவின் பெற்றோல் கதையோடு இது முரண்படவில்லையா என்று கேட்பீர்கள். முரண்படுகிறது. பெற்றோலுக்கு நாலு மணித்தியாலம் கெடுதி, அரசியலுக்கு ஒரு இரவு காத்திருந்தால் பெரும்பாலும் கெடுதி இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் வைக்கத்தான் முடியாது.

மார்ச் 16, ஞாயிறு

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிற ஆசிரியர் ஒருவர் நல்ல ஞாபகம் ஒன்றைக் கிளறினார்: மொடரேட்டரைத் தெரிவுசெய்யக் குடவோலை முறையைப் பார்க்கலாமே என்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 919, 921ஆம் ஆண்டுகள். ஊரை முப்பது குடும்பாக, அதாவது வட்டாரமாகப் பிரித்து, பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். வாரியம் என்றால் குழு; அப்படி வந்தவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். 360 நாளில் இறங்கிவிட வேணும்.

எனக்கு இதில் பிடித்தது குலுக்கல் இல்லை. ஒருதரம் வாரியம் செய்தவர் மூன்று வருசம் திரும்பி வர முடியாது என்று வைத்தார்களே, அதுதான். எங்களிடம் 2017இலிருந்து ஒரு நாள்கூட இறங்காமல் இருந்தவர்கள் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, களைத்தவர்கள். களைத்த மொடரேட்டர் எல்லாப் போஸ்ட்டையும் கள்ளன் எழுதியது என்றே பார்ப்பார். இப்போது எங்களில் மூன்று மாதம் செய்தால் ஒரு மாதம் கட்டாய ஓய்வு. ஓய்வு மாதத்தில் வட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியே. முதலில் அழுதவர்கள்கூட இப்போது திகதியை எண்ணிக்கொண்டு இருக்கிறார்கள்.

மார்ச் 17

குடவோலையை இவ்வளவு உயர்த்திச் சொல்லலாமா என்று வத்தளை அக்கா கேட்டிருக்கிறா. சரியான கேள்வி. குடத்தில் பெயர் போடத் தகுதி: கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதப் படிப்பு. அது பிராமணர் ஊர்ச் சபை. பெண்களும் நிலமில்லாதவர்களும் அந்தக் குடத்துக்குள் இல்லை. நேற்று அதை எழுதாமல் விட்டது என் பிழை.

ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகாது, அவருடைய நெருங்கிய உறவுக்காரர் பெயரும் போகாது. அதை எடுத்துக்கொள்வோம். தமிழ் விக்கிப்பீடியாவில் எந்த நிர்வாகி எதை அழித்தார் என்ற பதிவை யாரும் திறந்து பார்க்கலாம், சண்டை என்றால் ஆலமரத்தடியில் எல்லோர் முன்னிலையிலும் கதைக்கிறார்கள். எங்கட குழுவில் அந்தப் பதிவு அட்மினுக்கும் மொடரேட்டருக்கும் மட்டும்தான் தெரியும். உறுப்பினருக்கு நாங்கள் கணக்குக் காட்டுவதே இல்லை. அதற்கு என்ன வழி என்று யோசிக்கிறோம். மாதக் கடைசியில் எத்தனை அழித்தோம், எதற்காக என்று ஒரு போஸ்ட் போடலாம் என்கிறார் நானா. எனக்குச் சம்மதம்.

மார்ச் 19

"கைமாற்றுக் குறிப்பு என்று சொல்கிறீர்களே, அதில் என்ன எழுதுவீர்கள்?" முறை முடிக்கிறவர் அடுத்தவருக்கு எழுதிவைப்பது அது. ஒரு உதாரணம், விபரங்களை மாற்றி:

"இரவு 10 முதல் 1 வரை நான். 14 அனுமதித்தேன், 3 எடுத்தேன். பிளேட்லெட் கேட்டவருக்குக் கிடைத்துவிட்டது, கொமென்ட் பூட்டியாச்சு. அனெக்ஸ் விளம்பரத்தில் முற்பணம் கேட்கிறார், சந்தேகம், அனுமதிக்கவில்லை, காலையில் யாராவது போன் எடுத்துப் பாருங்கோ. ஒரு வீடியோ வந்தது, நாய்க்கு அடிக்கிறது, எடுத்துவிட்டேன், நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம். எனக்குக் கொஞ்சம் மனம் சரியில்லை, நாளைக்கு என் முறையை யாராவது எடுப்பீங்களா."

கடைசி வசனம் கட்டாயம். "நல்லா இருக்கிறன்" என்றாவது எழுத வேணும். அடுத்தவர் "வாங்கிட்டன்" என்று எழுதும் வரைக்கும் முன்னையவரின் முறை முடியாது. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, ஒரு வட்ஸ்அப் குழு போதும்.

மார்ச் 23, ஞாயிறு, இரவு

13ஆம் திகதி எழுதியதைக் கொட்டாஞ்சேனைத் தங்கச்சிக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். இப்போது வேலை செய்கிறாள், கலியாணமும் ஆகிவிட்டது. இன்று பின்னேரம் போய்ப் பார்த்தேன். அவளுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன், அவளே வாசித்துத் திருத்தியும் தந்தாள்.

நான் ஆறு வருசமாக அந்தப் படங்கள்தான் அவளை உடைத்தன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இல்லை என்றாள். ஒரு பொம்பிளை தன் தங்கச்சியைத் தேடிப் படம் போட்டிருக்கிறா. கலியாண அல்பத்தில் எடுத்த படம், தலை நிறையப் பூ. அதே படம் இறந்தவர்களின் படங்களோடு சேர்ந்து வேறு எங்கோ சுற்றியதை இவள் பார்த்திருக்கிறாள். இறந்தவர் என்று நினைத்து அழித்துவிட்டாள். அந்த அக்கா திரும்பப் போட்டா. திரும்ப அழித்தாள். மூன்றாம் தரம் அவ படத்தோடு எழுதியது: "என்ர தங்கச்சியை ஏன் அழிக்கிறீங்கள்?"

அப்போதுதான் விளங்கியது. படத்தை நிற்கவிட்டாள். அந்தத் தங்கச்சி கிடைத்தாளா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

"அக்கா, எனக்கு ரெண்டு மணி போல பசிச்சது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டவ. எழும்பிப் போகலாம்தான். ஆனா யாரிட்டச் சொல்லிட்டுப் போறது என்று தெரியேல்ல. அதால போகேல்ல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தேத்தண்ணி ஊற்றினாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த இதய அடையாளம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

மார்ச் 25

மருதானைத் தம்பி எண்ணிவிட்டு வந்திருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்:

"அக்கா, ஆறு பேரில ஒரு ஆள்தான். இரவில முழுக்க அவர்தான். பாணந்துறையில இருக்கிற ஒரு அண்ணை, ஆஸ்பத்திரியில இரவு வேலை என்று நினைச்சுக்கொண்டிருந்தன். போன் எடுத்தன். வேலை போய் எட்டு மாசமாம். நித்திரை வாறதில்லையாம், அதால இதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாராம். ஒரு நாளும் நான் கேட்டதில்லை."

தம்பி, அட்டவணையை விடுங்கள், அது பிறகு. முதலில் இந்தச் சனிக்கிழமை 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பாணந்துறைக்குப் போங்கள். வேலை விளம்பரம் ஏதும் இருந்தால் எங்கட குழுவிலும் போடுவோம். என்ன வேலை தெரியும் என்று கேட்டு எழுதுங்கள்.

மார்ச் 29, இரவு

நாளைக்கு லண்டன் நேரம் மாறுகிறது. இரவு முறைக்காரர் இருவருக்கும் கொழும்பு நேரத்தில் அட்டவணை அனுப்பிவிட்டேன், இருவரும் "வாங்கிட்டன்" போட்டுவிட்டார்கள்.

இந்த வருசம் ஈஸ்டர் ஏப்ரல் 20. அடுத்த நாள் திங்கள் 21, ஆறு வருச நினைவு. ஒவ்வொரு வருசமும் அந்த நாட்களில் பழைய படங்களை யாராவது திரும்பப் போடுவார்கள். இரண்டு நாளும் ஒவ்வொரு முறைக்கும் இரண்டு பேர், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரும் இல்லை, வீபிஎன் எல்லோர் போனிலும் இப்போதே போட்டுச் சரிபார்த்தாயிற்று. தேடுகிற படமா, இறந்தவர் படமா என்று விளங்காவிட்டால் அழிக்காமல் மறைத்து வைத்து, போட்டவரோடு முதலில் கதைக்க வேணும். அந்த வரியைத் தங்கச்சி எழுதித் தந்தாள்.

21 காலை 8 முதல் 10 வரைக்கும் நானாவும் நானும் என்று போட்டிருந்தேன். பின்னேரம் தங்கச்சியிடமிருந்து மெசேஜ்: "அக்கா, அந்த நேரத்துக்கு என்னையும் போடுங்கோ. ஒன்பது மட்டும்தான், பேந்து கோயிலுக்குப் போகோணும்."

போட்டுவிட்டேன். ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து வாங்குவது நான்.